வீட்டுக் காரில் ஒரு பந்தயம்: சோழவரம் தந்த பாடம்



மலருக்குக் கட்டுரை கேட்டு வந்த நண்பர்கள், "பழைய கதை எழுதுங்க சார், ஆனா பசங்களும் படிக்கிற மாதிரி இருக்கணும்" என்று ஒரு நிபந்தனையும் போட்டுவிட்டுப் போனார்கள். மெக்கானிக்கல் பிரிவுக்காரன் கையில் பேனாவைக் கொடுத்தால் வேறு எதைப் பற்றி எழுதுவான்? காரைப் பற்றித்தான். அதிலும், நம் பக்கத்து ஆட்கள் வீட்டுக் காரையே பந்தயத்துக்குத் தயார் செய்த வரலாற்றைச் சொல்ல ஆசைப்படுகிறேன்.

சென்னைக்கு வடக்கே, செங்குன்றம் தாண்டினால் சோழவரம். ஏரிக்குப் பெயர் போன ஊர். அங்கே இரண்டாம் உலகப் போர்க் காலத்து விமான ஓடுதளம் ஒன்று இருந்தது. போர் முடிந்தபின் 1950-களில் அங்கே மோட்டார் பந்தயங்கள் தொடங்கின. 1953-ல் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் உருவாயிற்று. கல்கத்தாவுக்குப் பக்கத்தில் பாரக்பூரிலும் இப்படித்தான், விமான ஓடுதளத்தில் பந்தயம். பந்தயத்துக்கென்றே தளம் கட்ட யாரிடமும் பணம் இல்லாத காலம். நேரான, அகலமான, மரமில்லாத இடம் கிடைத்தால் போதும் என்று பீப்பாய்களை வைத்து வளைவுகளைக் குறித்துக்கொண்டு ஓட்டினார்கள். கல்கத்தா, பம்பாய், பெங்களூர், கோவை என்று எங்கிருந்தெல்லாமோ ஆட்கள் சோழவரத்துக்கு வந்தார்கள்.

அப்போது நாட்டில் என்ன கார் இருந்தது? அம்பாசடர், ஃபியட், நம் மெட்ராஸிலேயே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு. அவ்வளவுதான். வெளிநாட்டிலிருந்து காரோ உதிரிபாகமோ கொண்டுவருவது லேசான காரியம் இல்லை. ஃபியட்டுக்குப் பதிவு செய்துவிட்டு ஆண்டுக்கணக்கில் காத்திருந்த குடும்பங்கள் உண்டு. வசதி படைத்த சிலர் தனிப் பந்தயக் கார்களோடு வந்தார்கள் என்பது உண்மை. மற்றவர்களுக்கு இருந்தது ஒரே கார். பலபேர் விஷயத்தில் அதுவும் அப்பாவின் கார்! ஞாயிற்றுக்கிழமை பந்தயம், திங்கட்கிழமை காலை அதே வண்டியில் ஆபீஸ். வண்டி போச்சென்றால் குடும்பத்துக்கே நஷ்டம்.

இந்த ஒரு விஷயம்தான் நம் பக்கத்துத் தயாரிப்பு முறையையே தீர்மானித்தது என்பது என் கருத்து. திரும்ப மாட்ட முடியாத எதையும் கழற்றக் கூடாது. வேகத்தைக் கூட்டும் முன்பு நிறுத்தத்தைச் சரி செய்ய வேண்டும். இந்த இரண்டுதான் அடிப்படை விதி.

எப்படித் தயார் செய்தார்கள்? முதல் வேலை, எடையைக் குறைப்பது. ஸ்டெப்னி, ஜாக்கி, பின் சீட், தரை விரிப்பு எல்லாம் வெளியே. தரை விரிப்பு எடை மட்டும் அல்ல. சுருண்டு பெடலுக்கு அடியில் சிக்கினால் ஆளையே முடித்துவிடும். வீல் கப்பைக் கழற்றுவார்கள், வளைவில் தட்டுமாதிரி பறக்கும் என்பதால். முன்விளக்குக் கண்ணாடியில் குறுக்கும் நெடுக்குமாக டேப் ஒட்டுவார்கள், உடைந்தாலும் சில்லு தளத்தில் சிதறக் கூடாதே!

அடுத்து பிரேக். ஃபியட் 1100-ல் நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக்தான். ஓடுதளத்தின் நீண்ட நேர்ப்பாதையில் வந்து, கடைசியில் அழுத்திப் பிடித்து, மறுபடி மறுபடி இதையே செய்தால் டிரம் கொதிக்கும். பெடல் மிதிபடும், வண்டி நிற்காது. பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் குணம் உடையது. ஈரம் சேர்ந்த ஆயில் சூட்டில் கொதித்துக் குமிழி கட்டும். குமிழியை அழுத்தலாம், அதனால் பிரேக் பிடிக்காது. ஆகவே புது ஆயில், நல்ல லைனிங், ஏர் எடுத்த லைன். இதற்கு ஆகும் செலவு சொற்பம். ஆனால் முதல்முறை ஓட்ட வருகிறவன் கார்புரேட்டரைத்தான் முதலில் திறப்பான். அன்றும் அப்படித்தான், இன்றும் அப்படித்தான்!

எஞ்சினில் பெரிய மாயம் எதுவும் வேண்டியதில்லை. டாப்பெட் இடைவெளி, பாயின்ட் இடைவெளி, டைமிங், புது பிளக். ஆக்ஸிலரேட்டருக்கு இரண்டாவதாக ஒரு ஸ்பிரிங். முதல் ஸ்பிரிங் அறுந்தால் எஞ்சின் முழு வேகத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருக்க. பேட்டரியை அசையாமல் கட்ட வேண்டும். வீல் நட்டுகளை இறுக்கி, கொஞ்சம் ஓட்டிப் பார்த்து மறுபடி இறுக்க வேண்டும். டயர் காற்றை வழக்கத்தைவிடச் சற்றுக் கூட்டுவார்கள், வளைவில் டயரின் பக்கச்சுவர் மடங்காமல் இருக்க. சீட் பெல்ட்? அன்றைய கார்களில் அது வருவதே இல்லை. இந்தியாவில் முன் சீட்டுக்குப் பெல்ட் பொருத்தித்தான் விற்க வேண்டும் என்ற விதி வந்ததே 1994-ல்தான்.

பந்தயம் வேண்டாம், வீட்டில் திட்டுவார்கள் என்றவர்களுக்கு ராலி இருந்தது. டி.எஸ்.டி. ராலியில் வேகமாகப் போகிறவன் ஜெயிப்பதில்லை. சொன்ன சராசரி வேகத்தில், சொன்ன நேரத்துக்கு வருகிறவன்தான் ஜெயிப்பான். பக்கத்தில் உட்காரும் நேவிகேட்டருக்குக் கணக்கு வர வேண்டும். உதாரணம் சொல்கிறேன். மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் ஒரு கிலோமீட்டருக்குச் சரியாக 100 விநாடி. 10 கிலோமீட்டர் பாதையில் உங்கள் மீட்டர் 10.4 காட்டுகிறது என்று வையுங்கள். தேய்ந்த டயருக்குச் சுற்றளவு குறைவு, அதனால் மீட்டர் கூடுதலாகக் காட்டும். இதைத் திருத்தாமல் 50 கிலோமீட்டர் போனால் உங்கள் மீட்டரில் 52 இருக்கும். 2 கிலோமீட்டர் வித்தியாசம், அதாவது 200 விநாடி. அந்த ராலியில் நீங்கள் காலி! ஆகவே ராலிக்குத் தயாராவதில் பாதி வேலை, ஸ்லைடு ரூலும் நோட்டுப் புத்தகமும்தான்.

1980-களில் காற்று மாறியது. மாருதி 800 வந்தது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன் அதன் எஞ்சினை வைத்தே ஃபார்முலா மாருதி என்ற ஒற்றை இருக்கைக் காரை, நம் ஊர் ஆட்களுக்குக் கட்டுப்படியாகும் விலையில் உருவாக்கினார். 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் சொந்தத் தளம் திறக்கப்பட்டது. சோழவரத்தின் காலம் முடிந்தது. கரிவரதன் 1995-ல் விமான விபத்தில் மறைந்தார். கோவை செட்டிபாளையத்துத் தளம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஃபார்முலா மாருதியில் ஓட்டிப் பழகிய கோவைப் பையன் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஃபார்முலா ஒன் பந்தயத்தில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார். அவருடைய தந்தை ஜி.ஆர். கார்த்திகேயனும் ராலி ஓட்டியவர்தான். 2010-ல் சென்னையின் கருண் சந்தோக். அவருடைய தாத்தா இந்து சந்தோக் மெட்ராஸ் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். பாருங்கள், பழைய ஓடுதளத்தில் போட்ட விதை எங்கே முளைத்திருக்கிறது!

இன்றைய மாணவர்களுக்கு வசதி அதிகம். நீங்களே வடிவமைத்த காரோடு ஃபார்முலா பாரத் போட்டிக்குச் செட்டிபாளையம் போகலாம். 2024-ல் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயமே நடந்துவிட்டது. ஆனால் கிழக்குக் கடற்கரைச் சாலையில் நள்ளிரவில் வண்டியை முறுக்குகிற பிள்ளைகளைப் பற்றிய செய்தியைப் படிக்கும்போது வயிறு கலங்குகிறது. அனுமதியில்லாமல் பொதுச் சாலையில் பந்தயம் விடுவது மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 189-ன்படி குற்றம். இன்னொன்று பலருக்குத் தெரியாது: சாதாரணக் கார் இன்ஷூரன்ஸ் பந்தயத்தில் ஏற்படும் சேதத்துக்குப் பணம் தராது. தளத்திலானாலும் சரி, சாலையிலானாலும் சரி. பாலிசியை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

சோழவரத்துக்காரர்கள் தைரியசாலிகள்தான். ஆனாலும் பந்தயத்துக்கு முன்னால் வண்டியைப் பரிசோதகர் முன் நிறுத்தி, அவர் பேட்டரியை ஆட்டிப் பார்த்து, "இதைக் கட்டிட்டு வாப்பா" என்றால், மறுபேச்சில்லாமல் திரும்பிப்போய்க் கட்டிக்கொண்டு வந்தார்கள். தளம் தருவதும் அதைத்தான்: உங்கள் வண்டியை இன்னொருவர் கண் பார்க்கும், வளைவில் கொடி பிடித்து ஆள் நிற்பார், ஆம்புலன்ஸ் காத்திருக்கும், எதிரே லாரி வராது.

ஆசை இருக்கிற தம்பி தங்கைகள் முதலில் ஒரு டி.எஸ்.டி. ராலிக்குப் பெயர் கொடுங்கள். பிரேக் ஆயிலை மாற்றுங்கள். ஹெல்மெட் வாங்குங்கள். வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். நம் பழைய மாணவர்களில் ஸ்பேனர் பிடித்த கைகள் நிறைய உண்டு. சந்திப்பு நாளன்று எங்களைப் பிடித்துக் கேளுங்கள், மகிழ்ச்சியோடு சொல்லித் தருகிறோம்.

— மெக்கானிக்கல் பிரிவுப் பழைய மாணவன்