செய்திக்குக் காசு கொடுப்பவர் யார்?



வெளிநாட்டு உதவி குறைந்து வருவதைப் பற்றிச் சென்ற மாத நிகழ்ச்சியில் கதைத்துக்கொண்டிருந்தபோது ஒரு ஐயா தொலைபேசியில் வந்தார். "தம்பி, உதவி ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்று எழுதுகிற பத்திரிகைக்காரருக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது?" என்று கேட்டார். நேரம் முடிந்துவிட்டதால் அன்று பதில் சொல்ல முடியவில்லை. நான் தொழிலால் கணக்காளன். அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஆகவே இம்மாதம் எழுத்தில் பதில் தருகிறேன்.

எங்களிலிருந்தே தொடங்கலாம். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் யாழ்ப்பாணத்தில் பற்றரி கிடைக்காதபோது, சைக்கிளைத் தலைகீழாக நிறுத்திப் பெடலைச் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் பிபிசி தமிழோசை கேட்டவர்கள் நாங்கள். அப்போது நான் வணிகப் பட்டப்படிப்பு மாணவன். வரவு செலவு படித்துக்கொண்டிருந்த எனக்கே, இந்தச் செய்திக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று கேட்கத் தோன்றவில்லை. பிபிசி உலக சேவை அந்நாளில் பிரித்தானிய வெளிநாட்டு அமைச்சின் மானியத்தில் நடந்தது. 2014இல் அந்த ஏற்பாடு மாறியது. 2017 ஏப்ரல் 30ஆம் திகதியுடன் தமிழோசையின் வானொலி ஒலிபரப்பு நின்றது. கேட்டவர்கள் நாங்கள், காசு வேறு யாரோ கொடுத்தது, நிறுத்தும் முடிவும் எங்கள் கையில் இருக்கவில்லை.

உதவி பற்றிய செய்தியின் வரலாறும் இதே வழியில்தான் போகிறது. 1994இல் ருவாண்டாவில் ஏறத்தாழ நூறு நாட்களில் எட்டு இலட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அதன் பின்பு, அந்தப் பிராந்தியத்தில் என்ன நடக்கிறது என்பதை நம்பகமாகச் சொல்ல ஒரு செய்திச் சேவை வேண்டும் என்று உணர்ந்த ஐ.நா., 1995இல் நைரோபியில் 'இரின்' என்ற சேவையைத் தொடங்கியது. நாளடைவில் அது ஆசியாவுக்கும் மத்திய கிழக்குக்கும் விரிந்தது. வாசிக்கக் கட்டணம் இல்லை.

இங்கேதான் ஐயாவின் கேள்வி வருகிறது. ஐ.நா.வின் காசில் நடக்கும் சேவை ஐ.நா.வின் குறையை எவ்வளவு தூரம் எழுதலாம்? கணக்காய்வுப் பாடத்தின் முதல் விதி சுயாதீனம். கணக்காய்வாளருக்கு ஊதியம் கொடுப்பது கம்பனிதான். ஆனால் அவரை நியமிப்பது, வருடாந்தப் பொதுக்கூட்டத்தில் வாக்களிக்கும் பங்குதாரர்கள். உதவியில் பங்குதாரர் யார்? முகாமில் வரிசையில் நிற்கும் அகதி. அவருக்கு வாக்கு இல்லை.

2015 ஜனவரியில் இரின் ஐ.நா.விலிருந்து பிரிந்து தனி நிறுவனமானது. அப்போது 25 மில்லியன் டொலர் தருவதாக வாக்களித்தது ஹொங்கொங்கிலுள்ள ஜின்வெல் அறக்கட்டளை. அதை நடத்தியவர் மலேசிய வர்த்தகர் ஜோ லோ. அந்த உறவு அதிக காலம் நீடிக்கவில்லை. 2016இல் அமெரிக்க நீதித் திணைக்களம் '1எம்டிபி' நிதி மோசடி வழக்கில் அவருடைய பெயரையும் சேர்த்தது. பிறகு இரின் அரசாங்கங்களிடமும் அறக்கட்டளைகளிடமும் மானியம் பெற்று நடந்தது. 2019இல் 'த நியூ ஹியூமனிற்றேரியன்' என்று பெயரையும் மாற்றிக்கொண்டது.

இத்தனை சிரமப்பட்டு இப்படி ஒரு சேவை எதற்கு என்று கேட்கலாம். 2020 செப்ரெம்பரில் அது தொம்சன் ரொய்ட்டர்ஸ் அறக்கட்டளையுடன் சேர்ந்து ஒரு புலனாய்வை வெளியிட்டது. கொங்கோவில் எபோலா நோயைத் தடுக்கப் போன உதவிப் பணியாளர்கள், வேலை தருவதாகச் சொல்லித் தங்களைப் பாலியல் ரீதியாகச் சுரண்டினார்கள் என்று 50க்கும் மேற்பட்ட பெண்கள் அதில் சொல்லியிருந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் விசாரணைக் குழு அமைத்தது. 2021இல் வந்த குழுவின் அறிக்கை 83 பேர் மீது சந்தேகம் தெரிவித்தது. அவர்களில் 21 பேர் அந்த நிறுவனத்தின் பணியாளர்கள். ஆண்டறிக்கைகளைப் புரட்டி இதைக் கண்டுபிடிக்க முடியாது. ஒருவர் விமானச் சீட்டு எடுத்து, மொழிபெயர்ப்பாளருக்குக் காசு கொடுத்து, அந்தப் பெண்களுக்குப் பக்கத்தில் இருந்து பொறுமையாகக் கேட்க வேண்டும்.

இப்போது அந்தக் காசு வற்றுகிறது. பிரித்தானியா தன் தேசிய வருமானத்தில் 0.7 வீதமாக இருந்த உதவியை 2021இல் 0.5 ஆக்கியது. 2027இல் 0.3 ஆக்கப்போவதாக 2025இல் அறிவித்தது. அமெரிக்காவின் யு.எஸ்.எயிட் நிறுவனம் 2025 ஜூலை 1இல் தன் பணியை நிறுத்தியது. அது 2023இல் மட்டும் 6,200 ஊடகவியலாளர்களுக்கும் 707 செய்தி நிறுவனங்களுக்கும் உதவியதாக எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பு எடுத்துக்காட்டியது. உதவியும் அதைக் கவனித்து எழுதுபவரின் சம்பளமும் ஒரே பையிலிருந்து வந்தவை. பை சுருங்கினால் இரண்டும் சேர்ந்தே சுருங்கும். இருக்கிற கொஞ்சக் காசு எங்கே போகிறது என்று கட்டாயம் பார்க்கவேண்டிய நேரத்தில் பார்க்க ஆள் இல்லை.

மற்றவர்களைச் சொல்லும் நான் எங்கள் கணக்கையும் சொல்ல வேண்டும். 2004 சுனாமிக்கு வானொலி மூலம் நாங்கள் நிதி சேர்த்தபோது கணக்கு எழுதியவன் நான். "சேரும் ஒவ்வொரு சதமும் மக்களுக்கே" என்று பெருமையாக அறிவித்தோம். சில மாதங்களின் பின்பு, இருபது டொலர் தந்த ஒரு அம்மா, "தம்பி, என்ர காசு ஆருக்குப் போனது?" என்று கேட்டார். கணக்குப் புத்தகத்தைக் காட்டினேன். வங்கி தந்த பற்றுச்சீட்டையும் காட்டினேன். அதற்கு அடுத்த பக்கம் என்னிடம் இல்லை. கணக்குச் சதம் தவறாமல் சரியாக இருந்தது. ஆனால் அந்தக் கரையில் போய்ப் பார்த்து எழுத ஒருவரை அனுப்ப நாங்கள் ஒரு சதமும் ஒதுக்கவில்லை. அதை அன்று சிக்கனம் என்று நினைத்தேன்.

ஐயா, உங்கள் கேள்விக்கு என் பதில் இதுதான். இதுவரை பெரும்பாலும் உதவி கொடுத்தவர்களே அந்தச் சம்பளத்தையும் கொடுத்தார்கள். இனி அவர்களை நம்பியிருக்க முடியாது. அடுத்த முறை நாங்கள் நிதி சேர்க்கும்போது, நூறு டொலரில் மூன்று டொலரைப் போய்ப் பார்த்து எழுதுபவருக்கென ஒதுக்குவோம் என்று எங்கள் நிர்வாகக் குழுவில் கேட்கப்போகிறேன். அவர் எங்கள் பிழையையும் எழுதுவார். அதையும் இந்த வானொலியில் வாசிக்க வேண்டும்.

உங்கள் கருத்துகளை நிகழ்ச்சி நேரத்தில் அழைத்துச் சொல்லுங்கள்.