கிர்ப்பானும் பள்ளிக்கூடமும்

சட்டம் எல்லோருக்கும் பொதுவாக இருத்தல் வேண்டுமென்பது நாகரிக மக்கள் ஒப்புக்கொண்ட கொள்கை. ஒவ்வொருவனும் தன் மனச்சாட்சிப்படி ஒழுகும் உரிமை பெற்றிருத்தல் வேண்டுமென்பதும் அவ்வாறே ஒப்புக்கொண்டது. இவ்விரண்டும் தனித்தனியே நிற்குங்கால் தொல்லை யாதுமில்லை. ஒன்றோடொன்று மோதுங்காலத்திலேதான் ஒரு சமுதாயத்தின் அறிவும் நேர்மையும் சோதனைக்குள்ளாகின்றன. பள்ளிக்கூடத்திற்குள் ஆயுதம் கொணரலாகாது என்பது சட்டம். கிர்ப்பான் என்னும் குறுவாளை உடலினின்றும் பிரிக்கலாகாது என்பது, அமிர்தம் ஏற்ற சீக்கியரின் விரதம். இவற்றுள் எது எதற்கு வழிவிடுவது? இக்கேள்விக்கு உலகத்து நியாயஸ்தலங்கள் கண்ட விடையை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

மலாயாவிற் சீக்கியரை அறியாதார் இலர். நம் பாட்டனார் காலத்திலே போலீஸ் படையிலும், ஜாகா வேலையிலும், பால்மாடு வளர்ப்பதிலும் அவர்கள் நம் அண்டை வீட்டாராக வாழ்ந்தனர். அவர்தம் தலைப்பாகையை அறிந்த நம்மவருள், அவர் இடையிலே தொங்கும் சிறுவாளின் வரலாற்றை அறிந்தார் சிலரே.

1675ஆம் ஆண்டில், அவுரங்கசீப்பின் ஆட்சியிலே, சீக்கியரின் ஒன்பதாம் குருவாகிய தேக் பகதூர் தில்லியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். அவர் புதல்வரும் பத்தாம் குருவுமாகிய கோவிந்த சிங், 1699ஆம் ஆண்டு வைசாகித் திருநாளன்று ஆனந்தபூரிலே கால்சா என்னும் அமைப்பை நிறுவினார். அதிற் சேர்ந்தோர் கேசம், சீப்பு, இரும்புக் காப்பு, கச்சை, கிர்ப்பான் என்னும் ஐந்து சின்னங்களையும் நீக்காது அணிதல் வேண்டும் என்பது விதியாயிற்று. கிருபாணம் என்பது வடமொழியில் வாளைக் குறிக்கும் சொல். சீக்கியரோ அதனைக் கிருபையும் மானமும் சேர்ந்த சொல்லாகப் பொருள் கொள்வர். எளியோரைக் காக்கும் கடமையை நினைவூட்டுவதற்கன்றிப் பிறரைத் தாக்குவதற்கு அஃது ஏற்பட்டதன்று என்பர்.

அன்னிய ஆட்சியினர் இக்குறுவாளை ஐயத்தோடே நோக்கினர். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், அனுமதிச் சீட்டின்றி வாள் தரிப்பதைக் குற்றமாக்கிற்று. சீக்கியப் பட்டாளங்களைத் தம் போர்களுக்கெல்லாம் அனுப்பிய அதே சர்க்கார், ஊருக்குத் திரும்பியவனின் இடுப்பிலிருந்த கிர்ப்பானுக்கு அஞ்சிற்று! இடைவிடாத கிளர்ச்சியின் பயனாக 1914இல் பஞ்சாபில் விலக்களிக்கப்பட்டது. பின்னரும் வாளின் நீளம் பற்றிய வழக்கு எழுந்து, 1920ஐ அடுத்த ஆண்டுகளிலே பலர் சிறை புகுந்தனர். இறுதியில், 1950இல் அமுலுக்கு வந்த இந்திய அரசியற் சட்டத்தின் 25ஆம் பிரிவு, கிர்ப்பான் தரித்தல் சீக்கிய மதத்தைக் கைக்கொள்ளுதலின் ஒரு பகுதியே என்று வெளிப்படையாகக் கூறிற்று.

கடல் கடந்து குடியேறிய சீக்கியருக்குப் பாதுகாப்பு அத்துணை எளிதிற் கிட்டவில்லை. பிரிட்டனிலே 1988ஆம் ஆண்டுச் சட்டம் பொதுவிடங்களிற் கத்தி கொண்டு செல்வதைத் தண்டித்தபோதே, மதக் காரணத்தை ஏற்புடைய காரணமாகக் கொண்டது. 1996இல் பள்ளி எல்லைக்குள் கத்தி கொணர்வதைத் தடுத்த சட்டமும் அவ்வாறே செய்தது. ஆனால் அமெரிக்காவில், கலிபோர்னியாவைச் சேர்ந்த லிவிங்ஸ்டன் என்னும் ஊரிலே, 1994இல் ஒரு குடும்பத்துச் சிறுவர் மூவர் கிர்ப்பான் காரணமாகப் பள்ளிக்கு வெளியே நிற்க நேரிட்டது. வழக்கு மேல் கோர்ட்டுக்குச் சென்றது. கூர் மழுக்கி, உறையோடு சேர்த்துத் தைத்து, ஆடைக்குள்ளே அணிந்து வரலாம் என்னும் ஏற்பாட்டின்மேல் அவர்கள் மீண்டும் பள்ளி புகுந்தனர்.

இவ்வரலாற்றிலே தலையாய வழக்கு கனடாவைச் சேர்ந்தது. 2001ஆம் ஆண்டு நவம்பரில், மான்ட்ரியால் நகரப் பள்ளியொன்றின் முற்றத்தில் ஒரு சீக்கிய மாணவனின் கிர்ப்பான் ஆடையினின்றும் நழுவி வீழ்ந்தது. அவன் எவரையும் அச்சுறுத்தியதில்லை. கல்வி அதிகாரிகள் முதலில், ஆடைக்குள் வைத்துத் தைத்து அணியலாம் என்றனர். பெற்றோரும் மாணவனும் இசைந்தனர். இத்துடன் காரியம் முடிந்திருக்கலாம். ஆனால் பள்ளியின் நிருவாகக் குழுவினர், ஆயுதம் எவ்வுருவிலும் கூடாதென மறுத்தனர். உலோகத்தை விடுத்து, பதக்கமாகவோ மரத்தாலோ அணிந்துகொள்ளட்டும் என்று மேலிடத்தார் கூறினர். வைதிகச் சீக்கியனுக்கு அது கிர்ப்பானாகாது. கீழ்க் கோர்ட்டு மாணவனுக்கும், 2004இல் மேல் முறையீட்டுக் கோர்ட்டு பள்ளிக்கும் சார்பாகத் தீர்த்தன. 2006ஆம் ஆண்டு மார்ச்சு 2ஆம் நாள், கனடாவின் உச்ச நியாயஸ்தலம் முழுத்தடை செல்லாது என்று முடிவு கூறிற்று.

அத்தீர்ப்பின் நியாயங்கள் நாம் ஊன்றிப் பார்க்கத் தக்கவை. கிர்ப்பானாற் காயம் நேரவே நேராது என்று நீதிபதிகள் கூறவில்லை. பள்ளியிலே கத்தரிக்கோல் இருக்கிறது, பென்சில் இருக்கிறது, பந்தடிக்கும் மட்டை இருக்கிறது; தீய எண்ணமுடையவனுக்கு இவற்றுள் எதுவும் ஆயுதமாகலாம். சீக்கியர் குடியேறி ஒரு நூற்றாண்டாகியும் கனடாப் பள்ளிகளில் கிர்ப்பானால் நிகழ்ந்த வன்செயல் ஒன்றேனும் எடுத்துக்காட்டப்படவில்லை. ஆதலின், ஆதாரமற்ற அச்சம் ஒரு பிள்ளையின் கல்வியைப் பறிக்கப் போதாதென்றனர். தோட்டத்தாராகிய நமக்கு இது விளங்காததன்று. காலைப் பிரட்டிலே ஒவ்வொருவர் கையிலும் பால் வெட்டும் கத்தி இருக்கக் காண்கின்றோம். அதனை ஆயுதமென்று எவரும் அஞ்சுவாரில்லை. ஏனெனின், அஃது எதற்கு உரியது என்பதை நாம் அறிவோம். சீக்கியன் குறுவாள் எதற்கு உரியது என்பதை அறியாதவனே அதனைக் கண்டவுடன் அஞ்சுகின்றான்.

எனினும், மறுபக்கத்தை மறைத்தல் அறமாகாது. 2021ஆம் ஆண்டு மே மாதத்தில், ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரப் பள்ளியொன்றிலே ஒரு மாணவன் கிர்ப்பானால் மற்றொருவனைக் குத்திக் காயப்படுத்தினான். மாகாண அரசினர் உடனே பள்ளிகளிற் கிர்ப்பானைத் தடுத்தனர். காயமுற்ற பிள்ளையின் தாய்க்கு எந்தத் தத்துவம் ஆறுதலளிக்கும்? தம் மக்கள் பத்திரமாக வீடு திரும்ப வேண்டுமென்று கோரும் பெற்றோரை மதத்துவேஷிகள் என்று இகழ்தல் தகாது. ஆனால் அந்நாட்டிலும் முடிவு யாதாயிற்று? சீக்கியரோடு கலந்து பேசியபின், அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்திலேயே, கூரற்ற சிறிய கிர்ப்பானை ஆடைக்குள் பத்திரப்படுத்தி அணியலாம் எனத் தடை தளர்த்தப்பட்டது. அந்நாட்டுக் குயின்ஸ்லாந்து மாகாணத்தில் மதக் காரணங்கூறியும் பள்ளிக்குள் கத்தி கொணரலாகாதென்றிருந்த விதி, 1975ஆம் ஆண்டின் இனப்பாகுபாட்டுச் சட்டத்திற்கு முரணானதென்று 2023இல் மேல் முறையீட்டுக் கோர்ட்டு தீர்ப்பளித்தது.

மூன்று கண்டங்களிலே அறிஞர் பலர் ஆண்டுக்கணக்கில் வாதாடிக் கண்ட முடிவு ஊசியும் நூலும் என்னும் எளிய பொருள்களில் வந்து நிற்கின்றது! கிர்ப்பான் ஆயுதமா, சின்னமா என்று வாதிக்கும் வரையிலும் எவரும் தீர்வு காணவில்லை. அஃது இரண்டுமாகும் என ஒப்புக்கொண்டு, இதனை எவ்வாறு பத்திரமாக அணிவது என்று கேட்டபோதே வழி பிறந்தது. உறையைத் தைத்தலால் சீக்கியன் தன் விரதத்தை இழப்பதில்லை; பள்ளியும் தன் காவலை இழப்பதில்லை. தையலை ஏற்க மறுக்கும் பக்தனும், தைத்த பின்னரும் மறுக்கும் அதிகாரியும் ஒரே தவற்றையே செய்கின்றனர்.

சிறுபான்மையோராகப் பிறநாடுகளில் வாழும் எவருக்கும் இதிலே பாடம் உண்டு. நம் வழக்கத்தை மற்றவர் மதிக்க வேண்டுமென்று கேட்பது உரிமை. அவர்தம் நியாயமான அச்சத்தை நீக்க முன்வருவது கடமை. ஒரு பிள்ளையை வாயிலுக்கு வெளியே நிறுத்திவிட்டு உள்ளேயிருப்போருக்குச் சகிப்புத்தன்மையைப் போதிக்கும் பள்ளி, எதனைப் போதித்ததாகும்? ஆதலின் விதி செய்வோர் தடை எழுதுமுன், தையலுக்கு இடமுண்டா என்று முதலிற் கேட்பாராக.