முகம் மூடிய முதியவர்

ஒரு சாதாரண மர நாற்காலி. அதில் வழுக்கைத் தலை முதியவர் ஒருவர் குனிந்து உட்கார்ந்திருக்கிறார். முழங்கைகள் தொடைமேல், முஷ்டிகள் முகத்தில். முகமே தெரியவில்லை! வின்சென்ட் வான்கோ 1882 நவம்பரில் நெதர்லாந்தின் ஹேக் நகரில் பென்சிலால் வரைந்த படம் இது. 'வோர்ன் அவுட்' என்று ஆங்கிலத்தில் தலைப்பு. உழைத்து ஓய்ந்து போனவர் என்று சொல்லலாம். இன்று ஆம்ஸ்டர்டாமில் உள்ள வான்கோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

இதைப் பார்க்கும் பலரும் உடனே சொல்வது, இது வான்கோவின் சொந்த வேதனை என்பதுதான். அதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. 1890 மே மாதம், பிரான்சில் சான் ரெமி மனநலக் காப்பகத்தில் இருந்தபோது இதே உருவத்தை நீல உடையில் எண்ணெய் வண்ண ஓவியமாகத் தீட்டினார். இரண்டே மாதத்தில், ஜூலையில், இறந்துபோனார். வயது 37. கதையின் கடைசிப் பக்கத்தை முதலிலேயே படித்துவிட்டால் ஒவ்வொரு பக்கத்திலும் அந்த முடிவுதானே தெரியும்? எட்டு வருடத்துக்கு முந்தைய பென்சில் கோடுகளுக்கும் அதுதான் நடந்தது.

சரி, 1882-க்கே போவோம். நாற்காலியில் இருப்பவர் வான்கோ அல்ல. அட்ரியானஸ் யாகோபஸ் சைடர்லாண்ட் என்ற முன்னாள் போர்வீரர். 1810-ல் பிறந்தவர், அப்போது எழுபதைத் தாண்டிவிட்டார். காதும் சரியாகக் கேட்காது. ஹேக் நகரத் திருச்சபை முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். அங்கிருந்த கிழவர்களை ஊரார் 'அனாதை மனிதர்கள்' என்றே அழைத்தார்கள். அவருடைய உடையில் இல்லத்து எண் 199 இருந்தது. அதே மனிதர் குடையோடு, உயரத் தொப்பியோடு, காபி குடித்தபடி என்று வான்கோவின் பல படங்களில் வருகிறார். அதாவது, காசு வாங்கிக்கொண்டு சொன்னபடி உட்கார்ந்த மாடல். குடையோடு நிற்கும் படத்தைப் பார்த்து யாரும் வான்கோவின் உள்மனதைத் தேடுவதில்லை. முகத்தை மூடினால் மட்டும் தேடுகிறோம்!

காசு விஷயமும் சாதாரணமல்ல. தம்பி தியோ அனுப்பிய மாதம் 150 பிராங்கில்தான் வாடகை, சாப்பாடு, மாடல்களுக்குக் கூலி எல்லாம். வீட்டில் சீன் என்ற பெண்ணும் அவளுடைய இரண்டு குழந்தைகளும் வேறு. ஆகவே படங்கள் விற்றாக வேண்டும். ஆங்கிலத் தலைப்பின் ரகசியம் இதில்தான் இருக்கிறது. 'தி கிராஃபிக்' போன்ற லண்டன் வாரப் பத்திரிகைகளின் படங்களை அவர் கட்டுக்கட்டாகச் சேர்த்து வைத்திருந்தார். அப்படி ஒரு வேலை கிடைக்காதா என்ற ஆசையும் இருந்தது. இந்த உருவத்தை அதே மாதம் கல்லச்சிலும் போட்டார். உழைக்கும் மக்கள் தங்கள் வீட்டில் மாட்டிக்கொள்ளும்படி மலிவான அச்சுப்படங்கள் வெளியிட வேண்டும் என்ற திட்டம் அவருக்கு இருந்தது. திட்டம் நடக்கவில்லை.

அப்படியானால் வெறும் வியாபாரமா? அதுவும் இல்லை. ஒட்டுப்போட்ட உடையில் இருக்கும் கிழட்டு உழைப்பாளி எவ்வளவு அழகு என்று தியோவுக்கு எழுதியிருக்கிறார். அடுப்போரம் மௌனமாக இருக்கும் அத்தகைய முதியவரின் தோற்றத்தில் கடவுளும் நித்தியமும் உண்டு என்பதற்குச் சான்று இருப்பதாகவும் நினைத்தார். கல்லச்சுக்கு அவர் வைத்த பெயர் 'நித்தியத்தின் வாசலில்'. நாம் விரக்தி என்று படிக்கும் இடத்தில் அவர் ஒருவித மேன்மையைப் பார்த்திருக்கிறார்.

படத்தின் கறுப்பையும் கவனிக்க வேண்டும். அந்நாட்களில் அவர் தச்சர்களின் தடித்த பென்சிலைப் பயன்படுத்தினார். பென்சில் கரியின் பளபளப்பைப் போக்க, தண்ணீர் கலந்த பாலைப் படத்தின்மேல் ஊற்றினார். (ஆமாம், குடிக்கிற பால்தான்!) சொரசொரப்பான நீர்வண்ணத் தாளில் அது ஆழ்ந்த, மங்கிய கறுப்பாகப் படிந்தது. ஏதோ ஒரு துக்க இரவில் கிறுக்கியதல்ல, பக்குவமாகச் செய்த வேலை. 2021-ல் இதே உருவத்தின் இன்னொரு பென்சில் ஆயத்தப் படம் ஒரு தனியார் சேகரிப்பிலிருந்து வெளிவந்தபோது, அவர் எத்தனை முறை முயன்று பார்த்திருக்கிறார் என்பது இன்னும் தெளிவானது.

நித்தியத்தின் வாசலில் உட்காரவைக்கப்பட்ட சைடர்லாண்ட் 1897-ல்தான் இறந்தார். வான்கோ போய் அப்போது ஏழு வருடம் ஆகியிருந்தது.