பட்டியலில் ஏறாதவர்கள்: அயர்லாந்தின் ஊர் நினைவுச் சுவர்களும் உலகப்போர் வீரர்களும்

1914 ஆகஸ்டில் போர் மூண்டபோது ராயல் டப்ளின் ஃபியூசிலியர்ஸ் படையின் முதலாம் பட்டாலியன் சென்னையில் இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படையின் வழிவந்தது அது. பெயரில் டப்ளின் சேர்ந்தது 1881இல்தான். ஆண்டிறுதியில் இங்கிலாந்து திரும்பிய அந்த பட்டாலியன், 1915 ஏப்ரல் 25 அன்று கல்லிப்போலியில் திறந்த படகுகளில் கரையேற முயன்றது. துருக்கியரின் சூட்டில் பலர் படகை விட்டு இறங்குமுன்பே மடிந்தனர். தப்பியவர்களைக் கொண்டு தனி பட்டாலியன் நடத்த முடியவில்லை. இன்னொரு ஐரிஷ் படையான மன்ஸ்டர் ஃபியூசிலியர்ஸில் எஞ்சியவர்களோடு அவர்களைக் கலந்து, இரு பெயரையும் ஒட்டவைத்து, சிறிது காலம் ‘டப்ஸ்டர்ஸ்’ என்று அழைத்தார்கள். ஓராண்டு நிறைய ஒருநாள் இருக்கையில், 1916 ஏப்ரல் 24 அன்று, டப்ளினில் பிரிட்டிஷ் ஆட்சிக்கு எதிரான ஈஸ்டர் எழுச்சி வெடித்தது. அதை அடக்க இறங்கிய துருப்புகளில் இதே படையின் பத்தாம் பட்டாலியனும் இருந்தது.

முதல் உலகப்போரில் இவர்களைப் போலப் பிரிட்டிஷ் படைகளில் பணிபுரிந்த ஐரிஷ்காரர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பேர். விடுதலைக்குப் பின் அயர்லாந்து அவர்களை அடியோடு மறந்துவிட்டது என்ற கருத்து, எஃப். எக்ஸ். மார்ட்டின் என்ற வரலாற்றாசிரியர் 1967இல் ‘பெருமறதி’ என்று பெயரிட்டதிலிருந்து வேரூன்றியிருக்கிறது. 1980களின் பிற்பகுதி முதல் ஊர்தோறும் எழுந்துவரும் நினைவுச் சுவர்களும் பெயர்ப் பட்டியல்களும் அந்த மறதிக்குப் பரிகாரமாகவே விளக்கப்படுகின்றன. இந்த விளக்கம் பாதிதான் சரி என்பது இக்கட்டுரையின் வாதம். மாண்டவர்களை அயர்லாந்து ஒருபோதும் முழுதாக மறக்கவில்லை. அது கணக்கில் கொள்ளாமல் விட்டது உயிரோடு திரும்பியவர்களை. இன்றைய பட்டியல்களும் அந்த விடுபடலைத் தொடர்கின்றன.

மாண்டவர்களுக்கான சான்றுகளுக்குக் குறைவில்லை. 49,000க்கும் மேற்பட்ட பெயர்களோடு, ஹாரி கிளார்க்கின் ஓவிய வேலைப்பாடு சூழ, எட்டுத் தொகுதிகள் கொண்ட நினைவுப் பதிவேடு அயர்லாந்தின் உள்நாட்டுப் போர் ஓய்ந்த 1923ஆம் ஆண்டிலேயே அச்சாகிவிட்டது. (ஐரிஷ் படைகளில் இருந்த ஆங்கிலேயரும் அதில் அடக்கம், அந்த எண்ணிக்கையை அப்படியே எடுத்தாள்பவர்கள் இதைக் கவனிப்பதில்லை.) 1924 நவம்பரில், பிரான்சில் நடுவதற்கான கெல்டிக் சிலுவையைப் பார்க்க டப்ளினின் காலேஜ் கிரீனில் பெருங்கூட்டம் கூடியது. கார்க் நகரின் நினைவுச் சின்னம் 1925இல் எழுந்தது.

மாண்டவர்களுக்கு மரியாதை செய்யலாமா என்ற கேள்வி அரசுக்கு எழவே இல்லை. எந்த இடத்தில் செய்வது என்பதில்தான் அது முரண்பட்டது. நாடாளுமன்றத்துக்கு எதிரே மெரியன் சதுக்கத்தில் நினைவுப் பூங்கா அமைக்கும் திட்டத்தை 1927இல் எதிர்த்துப் பேசியவர் அமைச்சர் கெவின் ஓ’ஹிக்கின்ஸ். அந்தப் போரில் உடன்பிறந்தவரைப் பறிகொடுத்தவர் அவர். அரசுக்கு முகப்பாக அதை வைத்தால், அந்தத் தியாகத்தின்மேல்தான் இந்த அரசு எழுந்தது என்று வழிப்போக்கன் நினைத்துவிடுவான் என்பது அவர் கவலை. (அதே 1927இல் சென்னை மவுண்ட் ரோட்டில் நீல் சிலையை அகற்றக் கோரிப் போராட்டம் நடந்தது. 1857 கிளர்ச்சியை ஒடுக்க நீல் நடத்திச் சென்றது மேலே சொன்ன மதராஸ் படையைத்தான். சாலையில் போகிறவருக்குச் சிலை என்ன சொல்கிறது என்பதில் சென்னைத் தொண்டர்களும் ஐரிஷ் அமைச்சரும் ஒரே கருத்தினர்.) முடிவில் பூங்கா நகர மையத்துக்கு வெளியே ஐலண்ட்பிரிட்ஜுக்குப் போனது. வடிவமைத்தவர் புது தில்லியின் இந்தியா கேட்டை வடிவமைத்த எட்வின் லட்யன்ஸ். வேலையாட்களில் பாதிப்பேர் முன்னாள் பிரிட்டிஷ் படையினர், பாதிப்பேர் முன்னாள் ஐரிஷ் ராணுவத்தினர். 1939இல் நடக்கவிருந்த திறப்பு விழா அடுத்த போரால் நின்றது. இடையில் பாழடைந்து, செப்பனிடப்பட்டு, 1988இல்தான் முறையாகத் திறந்தார்கள்.

திரும்பி வந்தவர்களின் கதை வேறு. 2 லட்சத்தில் மாண்டவர்களைப் பற்றிய எந்த மதிப்பீட்டை எடுத்தாலும், உயிரோடு மீண்டவர்களே மிகப் பெரும்பான்மை. அவர்களுக்கென பிரிட்டிஷ் நிதியில் வீடுகள் கட்டப்பட்டன. டப்ளினின் கில்லெஸ்டர் குடியிருப்பு அப்படி வந்ததுதான். இறந்தவருக்குக் கல் போதும். உயிரோடிருப்பவர் வேலை கேட்பார், ஓய்வூதியம் வாங்குவார், தேர்தலில் வாக்களிப்பார்; பக்கத்து வீட்டுக்காரருக்கு அவர்மேல் பொறாமையோ சந்தேகமோ வரும். சிலர் அணியும் மாறினார்கள். டாம் பேரி மெசபடோமியாவில் பிரிட்டிஷ் சிப்பாயாக இருந்தவர். பின்னாளில் மேற்கு கார்க்கில் அதே ராணுவத்தைப் பதுங்கியிருந்து தாக்கினார். எம்மெட் டால்டனின் வாழ்க்கை இன்னும் சிக்கலானது. 1916 செப்டம்பரில் பிரான்சின் ழான்ஷி போர்முனையில் கவிஞரும் முன்னாள் எம்.பி.யுமான டாம் கெட்டில் வீழ்ந்தபோது அதே பட்டாலியனில் இருந்து, மிலிட்டரி கிராஸ் பதக்கம் பெற்றவர். பின்னர் ஐரிஷ் விடுதலைப் போராளிகளோடு சேர்ந்து, 1922 ஆகஸ்டில் அவர்களின் தலைவர்களில் ஒருவரான மைக்கேல் காலின்ஸ் சுடப்பட்டபோதும் அருகில் இருந்தவர். கெட்டிலின் மார்பளவுச் சிலை செயின்ட் ஸ்டீபன்ஸ் கிரீனில் இருக்கிறது. மாண்டவர்களை மட்டும் பொறிக்கும் சுவரில் டால்டனுக்கு இடமில்லை. இரண்டு போர்களையும் ஒரே உடலில் சுமந்த ஆளைத்தான் அந்த முறை வெளியே நிறுத்துகிறது.

இந்தக் குறையை டங்கார்வன் சுவர் நன்றாகக் காட்டுகிறது. வாட்டர்ஃபோர்டு மாவட்டத்திலிருந்து போய் மாண்டவர்களுக்காக 2013இல் எழுப்பப்பட்ட அந்தச் சுவரில் ஏறத்தாழ 1,100 பெயர்கள். பல ஆண்டு உள்ளூர் உழைப்பின் பலன் அது. அதைக் குறைத்து மதிப்பிடுவது நியாயமாகாது. ஆனால் அம்மாவட்டத்தில் மக்கள் அதிகம் பேசும் பெயர் ஜான் கான்டன். 1915 மே 24 அன்று ஈப்ர அருகே மாண்டவர். பெல்ஜியத்தில் அவர் கல்லறைக்கல் வயது 14 என்கிறது. பிறப்புப் பதிவுகளைத் தோண்டியவர்கள் வயது 18 என்றும், அந்தக் குழியில் இருப்பது வேறொருவர் உடலாக இருக்கலாம் என்றும் வாதிடுகிறார்கள். இத்தனைக்குப் பிறகும் அந்தக் கல்லறையில் கூட்டம் குறையவில்லை. பதினாலு வயதுப் பையனிடம் ஏன் பிரிட்டிஷ் சீருடையைப் போட்டாய் என்று யாரும் கேட்கப் போவதில்லை. மாண்டவர் எல்லாரையும் அந்தப் பையனாக்கிவிடும் போக்கு பட்டியலுக்கு இருக்கிறது.

திரும்பி வந்தவர்கள் இப்படி விடுபடுவது இரண்டாம் உலகப்போரில் இன்னும் கூர்மையாகத் தெரிகிறது. வட அயர்லாந்தில், பெல்ஃபாஸ்டின் கத்தோலிக்கரான ஜேம்ஸ் மகென்னிஸ் 1945 ஜூலையில் சிங்கப்பூரை ஒட்டிய ஜொகூர் நீரிணையில் ஜப்பானியக் கப்பலின் அடியில் வெடி பொருத்தி, விக்டோரியா கிராஸ் பெற்றார். பொதுமக்கள் நிதி திரட்டித் தந்தார்கள். மாநகராட்சி நகர உரிமை விருதைத் தரவில்லை. மாநகராட்சி மண்டப வளாகத்தில் அவருக்குச் சின்னம் எழுந்தது 1999இல், அவர் இறந்து பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின்.

தெற்கில், நடுநிலை வகித்த ஐரிஷ் ராணுவத்திலிருந்து ஓடிப்போன ஏறத்தாழ 5,000 பேரை 1945 ஆகஸ்டில் 362ஆம் எண் அவசரகால ஆணை பதவிநீக்கம் செய்தது. சம்பள பாக்கி போயிற்று, ஓய்வூதிய உரிமை போயிற்று, ஏழாண்டுக்கு அரசுப் பணியும் கிடையாது. எல்லாரும் நேசநாட்டுப் படையில் சேர்ந்தவர்கள் என்று சொல்ல முடியாது. வீட்டுக்குப் போனவர்களும் இங்கிலாந்தில் கூலிவேலைக்குப் போனவர்களும் அதில் உண்டு. ஆனாலும் கணிசமானோர் நாஜிகளை எதிர்த்துப் போரிட்டுத் திரும்பியவர்கள். இவர்கள் வேலை கேட்டு வந்தால் அடையாளம் காண, பெயரும் முகவரியும் சேர்த்து ஒரு பட்டியலை அரசு அச்சிட்டு அரசு அலுவலகங்களுக்கு அனுப்பியது.

2013இல் நாடாளுமன்றம் சட்டமியற்றி அவர்களுக்குப் பொதுமன்னிப்பு அளித்தது. அப்போது உயிரோடிருந்தவர் மிகச் சிலரே. ஆனால் அந்த அச்சுப் பட்டியல் ஆய்வாளருக்குக் கிடைக்கிறது. போரில் சாகாத ஐரிஷ்காரர்களை ஊர்வாரியாகத் தேட உதவும் ஆவணம், அவர்களைத் தண்டிக்கத் தயாரித்த அந்த ஆவணம்தான். நினைவுச் சுவர் எழுப்பும் ஊர்க் குழுக்கள் கல்லறைப் பதிவேட்டோடு நிறுத்திக்கொள்ளாமல் இதையும், கில்லெஸ்டர் போன்ற குடியிருப்புகளின் வாடகைக் கணக்குகளையும் புரட்டத் தொடங்கினால், வாட்டர்ஃபோர்டின் 1,100 பெயர்களுக்கு அருகில் பல மடங்கு நீளமான இன்னொரு பட்டியல் நிற்கும். அதில் வேலை கிடைக்காதவர்கள் இருப்பார்கள், எதிரணியில் சேர்ந்தவர்கள் இருப்பார்கள், மாலை போட ஊரார் தயங்கும் பெயர்களும் இருக்கும்.