காவலூர் மலையும் தீர்ந்துபோன ஐஸும்

எங்க ஆம்பூர்ல சித்திரை மாசம் ராத்திரி பத்து மணிக்கு மொட்டை மாடிக்குப் போய்ப் பாருங்க. கைப்பிடிச் சுவரைத் தொடவே வேணாம், பக்கத்துல நின்னாலே முகத்துல அனல் அடிக்கும். கண்ணுக்குத் தெரியாத அந்த அனல்தான் அகச்சிவப்பு ஒளி.

வாணியம்பாடியில் இருந்து ஆலங்காயம் வழியா ஜவ்வாது மலை ஏறினா காவலூர் வானாய்வகம். 1977 மார்ச் 10 அன்று யுரேனஸின் வளையம் ஒரு நட்சத்திரத்தை மறைச்சதைப் பதிவு செஞ்ச இடங்கள்ல இதுவும் ஒண்ணு (எங்க ஊர்ன்னா பிரியாணியும் தோலும் மட்டும்னு நினைக்கிறவங்க கவனிக்க!). அங்கே கேமராவைக் குளிர்விக்க திரவ நைட்ரஜன் ஊத்துவாங்க. மைனஸ் 196 டிகிரி. சாதாரண ஒளியைப் பார்க்கிற கேமராவே சூடா இருந்தா படத்துல இல்லாத புள்ளியெல்லாம் வரும். அகச்சிவப்புன்னா கேக்கவே வேணாம், கருவியோட சொந்தச் சூடே நம்ம மாடிச் சுவர் மாதிரி ஒளிவிடும். நட்சத்திரம் எங்கே தெரிய?

காவலூர்ல நைட்ரஜன் ஆவியாயிட்டா மறுபடி ஊத்திக்கலாம். விண்வெளியில் யார் போய் ஊத்துறது?

ஆக ஆரம்பத்துல எல்லாம் குச்சி ஐஸ்காரர் கணக்குதான். பெட்டியில ஐஸ் இருக்கிறவரை வியாபாரம். 1983 ஜனவரியில் போன ஐராஸ் தொலைநோக்கிக்கு திரவ ஹீலியம் நவம்பரில் தீர்ந்தது, கதை முடிஞ்சது.

1997ல் ஹப்பிளில் மாட்டிய நிக்மாஸ் கருவி பாவம், அதைவிட மோசம். உள்ளே உறைந்த நைட்ரஜன். நாலரை வருஷம் வரணும். ஆனா அந்தக் கட்டி விரிஞ்சு பாத்திரத்தை நெளிச்சு, குளிர்ப்பகுதி சூடான பகுதியில முட்டிக்கிச்சு. 1999 ஜனவரிக்குள் எல்லாம் காலி. மூணு வருஷம் சும்மா கிடந்தது.

2002 மார்ச்சில் வீரர்கள் போய் ஒரு ஃப்ரிட்ஜையே மாட்டினாங்க. நியான் வாயுவை அழுத்தி, விரிய விட்டுக் குளிராக்கும் இயந்திரம். அதன் குட்டி டர்பைன் நிமிஷத்துக்கு 4 லட்சம் சுற்று வரை சுத்தும். நிக்மாஸ் உயிர் பிழைச்சு 2008 வரை வேலை செஞ்சது. அதைக் கொண்டுபோன விண்கலம் கொலம்பியா. அடுத்த பயணத்தில்தான், 2003 பிப்ரவரி 1 அன்று, கல்பனா சாவ்லாவோடு சேர்த்து ஏழு பேரும் போனாங்க. நிக்மாஸ் படம் எதைப் பார்த்தாலும் எனக்கு அது ஞாபகம் வந்துடும்.

இப்போ ஜேம்ஸ் வெப்பில் இருக்கும் மிரி கருவியை 2022 ஏப்ரலில் மைனஸ் 266 டிகிரிக்குக் கொண்டு வந்ததும் இயந்திரம்தான். அதிர்வு படத்தைக் கெடுத்துடும்னு கம்ப்ரசரைத் தள்ளி வெச்சு, நீளமான குழாய்ல ஹீலியத்தை அனுப்புறாங்க. அதே ஹீலியம் திரும்பத் திரும்பச் சுத்துது, ஆவியாகி வெளியே போறதில்ல. என்ன, ரிப்பேர்னா மெக்கானிக் போக முடியாது. 15 லட்சம் கிலோமீட்டர்!