உபகாரமா, சம்பளமா?

ஸ்காலர்ஷிப் என்னும் சொல்லுக்கு நம் முன்னோர் 'உபகாரச் சம்பளம்' என்று தமிழ் வகுத்தனர். மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு இத்தொடர் சிறிது வியப்பை அளிப்பதுண்டு. உபகாரம் என்பது கொடுப்பவரின் மனத்தைப் பொறுத்தது. சம்பளம் என்பது பெறுபவரின் உழைப்பைப் பொறுத்தது. முன்னதைப் பெறுபவர் நன்றி கூற வேண்டும்; பின்னதைப் பெறுபவர் உரிமையோடு கேட்கலாம். பிற்காலத்தில் 'உதவித்தொகை' என்ற சொல் பெருவழக்காகி, பழைய தொடரில் இருந்த முரண்பாட்டை மறைத்துவிட்டது. ஆயினும், மாணவனுக்கு அளிக்கப்படும் பணம் உபகாரமா, சம்பளமா என்ற வினா மறையவில்லை. நம் நாட்டு உயர்கல்வியின் வரலாற்றில் ஒரு பகுதி இவ்வினாவுக்கு விடை தேடிய வரலாறே ஆகும்.

1913ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அவ்வாண்டில் ஒன்றோடொன்று தொடர்பில்லாத மூன்று நிகழ்ச்சிகள் நடைபெற்றன.

முதலாவது சென்னையில் நிகழ்ந்தது. சென்னைத் துறைமுக டிரஸ்டில் குமாஸ்தாவாக இருந்த சீனிவாச இராமானுஜன், கும்பகோணம் கல்லூரியில் ஏற்கெனவே ஒருமுறை உபகாரச் சம்பளம் பெற்றவர். கணிதம் தவிர மற்றப் பாடங்களில் தேறாமற்போகவே அதை இழந்தார். பட்டம் என்று சொல்லிக்கொள்ள அவரிடம் ஒன்றுமில்லை. வானிலை ஆய்வுத் துறையின் தலைவராக இருந்த கில்பர்ட் வாக்கர் சென்னைக்கு வந்தபோது இராமானுஜனின் கணக்கு ஏடுகளைப் பார்த்துவிட்டு, இவரைப் பணக் கவலையின்றி ஆராய்ச்சி செய்ய விடவேண்டும் என்று பல்கலைக் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். ஆராய்ச்சிச் சம்பளத்துக்கு உயர் பட்டம் வேண்டும் என்ற விதி குறுக்கே நின்றது. பல்கலைக் கழகம் விதியைத் தளர்த்தி, 1913 மே மாதம் முதல் இராமானுஜனுக்கு மாதம் 75 ரூபாய் வழங்கியது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை தம் ஆராய்ச்சியைப் பற்றி அவர் அறிக்கை தர வேண்டும் என்பது நிபந்தனை. எனவே இது உபகாரம் என்பதைவிடச் சம்பளம் என்பதே பொருந்தும்.

இரண்டாவது நிகழ்ச்சி பரோடாவில் தொடங்கியது. மன்னர் சாயாஜிராவ் கெயிக்வாட் அளித்த மாதம் பதினொன்றரைப் பவுன் உபகாரச் சம்பளத்தைக் கொண்டு, பீமராவ் அம்பேத்கர் அதே ஆண்டில் நியூயார்க்கிலுள்ள கொலம்பியாப் பல்கலைக் கழகத்துக்குப் புறப்பட்டார். மூன்றாண்டுகளுக்கு அச்சம்பளம், படிப்பு முடிந்தபின் பத்தாண்டுகள் சமஸ்தானத்தில் பணிபுரிய வேண்டும் என்பது ஒப்பந்தம். 1917இல் அவர் பரோடாவுக்குத் திரும்பிப் பதவியையும் ஏற்றார். ஆனால் அந்நகரில் அவருக்குத் தங்குவதற்கு இடம் கொடுப்பார் இல்லை. விரைவில் பரோடாவை விட்டு நீங்கினார். அமெரிக்காவில் படிக்கப் பணம் கொடுக்க முடிந்த மன்னரால், தம் தலைநகரில் ஒரு வாடகை அறை பெற்றுத்தர முடியவில்லை. உபகாரத்தின் எல்லை எது என்பதை இந்நிகழ்ச்சி காட்டுகிறது.

மூன்றாவது நிகழ்ச்சி நாம் வாழும் கொச்சியில் நடந்தது. மட்டாஞ்சேரிப் படகுத் துறையிலிருந்து காயலைக் கடந்தால் எறணாகுளம். இரண்டும் அன்று கொச்சி சமஸ்தானத்தைச் சேர்ந்தவை. புலையர் வகுப்பினர் கூட்டம் கூடுவதற்குக் கரையில் இடமில்லை. ஆகவே 1913இல் அவர்கள் படகுகளை ஒன்றோடொன்று பிணைத்துக் காயல் நீரின்மேல் மாநாடு நடத்தினர். மீனவர் குலத்தில் பிறந்து, கொச்சி மன்னரின் ஆதரவால் சமஸ்கிருதம் பயின்ற பண்டித கே. பி. கருப்பன் இம்முயற்சிக்கு வழிகாட்டியாக நின்றார். நிலம் மன்னருடையதாகலாம், நீருக்குச் சாதியில்லை என்பது அம்மாநாட்டின் உட்பொருள். 1925இல் கருப்பன் கொச்சிச் சட்டசபைக்கு நியமிக்கப்பட்டார். அங்கே தாழ்த்தப்பட்ட வகுப்புப் பிள்ளைகளின் கல்விக்கு அரசு உதவ வேண்டுமென்று வற்புறுத்தி வந்தார்.

இம்முயற்சியின் பலனை ஒருவர் வாழ்க்கையில் தெளிவாகக் காணலாம். எறணாகுளத்தை அடுத்த முளவுகாடு தீவில் 1912இல் பிறந்தவர் தாட்சாயணி. காயலில் படகுகள் கூடியபோது அவர் கைக்குழந்தை. கூட்டத்தை ஏற்படுத்தியவர்களில் அவர் உறவினரும் இருந்தனர். கொச்சி அரசு வழங்கிய உபகாரச் சம்பளத்தின் துணையால் அவர் எறணாகுளம் மகாராஜா கல்லூரியில் இரசாயனம் பயின்றார். அவ்வகுப்பில் வேறு பெண்கள் இல்லை. ஆசிரியர் சோதனைகளை அவருக்கு அருகில் வைத்துச் செய்து காட்டவில்லை. தூரத்தில் நின்று பார்த்தே அவர் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. அரசு கட்டணத்தைக் கொடுத்தது. ஆய்வுக்கூட மேசையருகே நிற்கும் இடத்தைக் கொடுக்கவில்லை. எனினும் 1935இல் தாட்சாயணி பட்டம் பெற்றார். அந்நாளில் கொச்சி மாணவர்களுக்குப் பட்டம் வழங்கியது சென்னைப் பல்கலைக் கழகமே. பட்டம் பெற்ற முதல் தாழ்த்தப்பட்ட வகுப்புப் பெண்மணி என்று அவரைக் குறிப்பிடுகின்றனர். பின்னர் பள்ளி ஆசிரியையாகப் பணியாற்றி, 1945இல் கொச்சிச் சட்டசபையிலும், 1946இல் இந்திய அரசியல் நிர்ணய சபையிலும் தாட்சாயணி வேலாயுதன் என்ற பெயரோடு இடம்பெற்றார். ஒரு சமஸ்தானம் ஒரு மாணவிக்குச் செலவிட்ட சிறு தொகை, நாட்டின் சாசனத்தை வகுத்த சபைக்கு ஓர் உறுப்பினரைத் தந்தது.

பணம் கிடைத்தும் விதி தடுத்ததற்கும் உதாரணம் உண்டு. பீர்மேட்டில் பிறந்த அன்னா மணி, உபகாரச் சம்பளம் பெற்று 1940இல் பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் சேர்ந்து, சி. வி. இராமனின் ஆய்வுக்கூடத்தில் வைரத்தின் ஒளியியல்பை ஆராய்ந்தார். 1945இல் அவர் சமர்ப்பித்த ஆராய்ச்சிக்கு, எம்.எஸ்ஸி. பட்டம் இல்லை என்ற காரணத்தால், சென்னைப் பல்கலைக் கழகம் டாக்டர் பட்டம் அளிக்கவில்லை. இராமானுஜனுக்காக ஒருமுறை தளர்ந்த விதி இவருக்காகத் தளரவில்லை. ஆயினும் இந்திய அரசின் சம்பளத்தில் இங்கிலாந்து சென்று வானிலைக் கருவிகளைப் பற்றிப் பயின்று வந்த அவர், பிற்காலத்தில் வானிலைத் துறையின் துணைத் தலைமை இயக்குநராக உயர்ந்தார்.

1944இல் ஒரு திருப்பம் ஏற்பட்டது. வைசிராயின் நிர்வாக சபையில் அம்பேத்கர் உறுப்பினராக இருந்த காலத்தில், மெட்ரிகுலேஷனுக்கு மேல் படிக்கும் தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவர்களுக்கான உபகாரச் சம்பளத் திட்டத்தை இந்திய அரசு தொடங்கியது. பரோடா மன்னரின் உபகாரத்தால் படித்தவரின் காலத்தில், அது அரசின் கடமையாக மாறியது. இனி மன்னரின் மனத்தைக் கேட்க வேண்டியதில்லை. விதியைப் படித்து விண்ணப்பித்தால் போதும். சுதந்திரத்துக்குப் பின் 1953இல் பல்கலைக் கழக மானியக் குழு தோன்றியது. ஆராய்ச்சி மாணவருக்குத் தகுதித் தேர்வின் மூலம் மாத ஊதியம் வழங்கும் முறை வேரூன்றியது. இளநிலை ஆராய்ச்சியாளருக்கு 2023 முதல் மாதம் 37,000 ரூபாய் என்று நிர்ணயிக்கப்பட்டது. டாக்டர் பட்டம் பெற்றபின் சில ஆண்டுகள் ஆராய்ச்சியைத் தொடர்வோருக்கும் தனி உதவிகள் உள்ளன. இவற்றைச் சம்பளம் என்றே கூறத் தகும்.

அப்படியானால் வினாவுக்கு விடை கிடைத்துவிட்டதா? வேற்று மாநிலங்களில் வாழும் நம்மைப் பொறுத்தவரை முழுதும் கிடைக்கவில்லை. பட்டியல் சாதிகளை 1950ஆம் ஆண்டு ஆணை மாநிலந்தோறும் தனித்தனியே வரையறுத்தது. தமிழ்நாட்டுப் பட்டியலில் உள்ள வகுப்பு, கேரளப் பட்டியலில் இல்லாதிருக்கலாம். ஆந்திரத்தில் பழங்குடியாக ஏற்கப்பட்ட வகுப்பைச் சேர்ந்த ஒரு மாணவர், தந்தையின் உத்தியோகம் காரணமாகப் பம்பாய்க்கு வந்து, மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கீட்டு இடம் கோரினார். குடிபெயர்ந்தவரோடு அவ்வுரிமை புதிய மாநிலத்துக்குக் குடிபெயராது என்று உச்ச நீதிமன்றம் 1990இல் தீர்ப்பளித்தது. உபகாரச் சம்பளத் திட்டமும் மாணவர் நிலையாகச் சேர்ந்துள்ள மாநிலத்தின் வழியே வழங்கப்படுவது. மட்டாஞ்சேரியின் மிளகு மண்டிகளிலும், அடுத்துள்ள வெளியின் சலவைத் துறையிலும் தலைமுறைகளாக உழைக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இதன் பொருள் விளங்கும். பிறந்த ஊரோடு தொடர்பு அற்று, வாழும் ஊரின் பட்டியலிலும் இடம்பெறாத பிள்ளை, இரு கரைக்கும் நடுவில் படகில் நிற்பது போல நிற்கிறான்.

செய்யக்கூடியது சிறிது உண்டு. பூர்வ மாநிலத்தில் தந்தைக்கு வழங்கப்பட்ட வகுப்புச் சான்றிதழைப் பத்திரமாகக் காக்க வேண்டும். அதன் ஆதாரத்தில் பிள்ளைக்குச் சான்றிதழ் வழங்க, குடியேறிய மாநிலத்து அதிகாரிக்கும் மத்திய அரசின் ஆணைகள் அனுமதி அளித்துள்ளன. அச்சான்றிதழ் புதிய மாநிலத்தின் சலுகைகளைப் பெற்றுத் தராது. பூர்வ மாநிலத்திலும் மத்திய அரசிடமும் பயன்படும். தகுதித் தேர்வின் வழியே வரும் ஆராய்ச்சி உதவிகளோ எந்த மாநிலத்தவர் என்று கேட்பதில்லை. இவற்றின் அறிவிப்புகளைப் படித்துச் சொல்வோர் ஒவ்வொரு தமிழ்ச் சங்கத்திலும் ஒருவரேனும் இருத்தல் நலம். இராமானுஜனுக்கு ஒரு வாக்கரும், காயல் தீவின் குழந்தைகளுக்கு ஒரு கருப்பனும் வேண்டியிருந்தார்கள். மனு எழுதத் தெரிந்த ஒருவர் அருகில் இருப்பது இன்றும் ஒரு மாணவனின் வாழ்வை மாற்றக்கூடியதே.