நூற்றில் ஒரு பங்கு

நாஞ்சில் நாட்டில் எங்கள் ஊர்க் கல்யாணங்களில் பெட்ரோமாக்ஸ் ஏற்றுவது பெரியப்பாவின் வேலை. புது மேண்டிலைக் கட்டி எரித்ததும் துணி சாம்பலாகி வெள்ளைக் கூடாக நிற்கும். "தொடாதலே, உதிர்ந்து போகும்!" என்பார்.

அந்தச் சாம்பலுக்கு ஒரு சரித்திரம் உண்டு. வியன்னாவில் கார்ல் அவுவர் ஃபான் வெல்ஸ்பாக் 1885-இல் மேண்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். அதன் வெளிச்சம் பச்சையடித்தது, வியாபாரம் ஓடவில்லை. பிறகு தோரியம் ஆக்சைடுக்கு மாறினார். அது சுத்தமாக இருந்தால் மங்கலாகத்தான் ஒளிரும். நூற்றில் ஒரு பங்கு சீரியம் ஆக்சைடு சேர்த்ததும் கண் கூசியது. நுண்ணிய துகள்களுக்குள் தோரியம் அயனியின் இடத்தில் சீரியம் அயனி உட்கார்ந்து, வெப்பத்தைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியாக வெளிவிட்டது. அளவு கூடினால் மேண்டிலின் சூடு குறைந்து மறுபடியும் மங்கல்தான். 1891-இல் அந்த 99:1 கலவை விற்பனைக்கு வந்தது.

தோரியம் எங்கிருந்து கிடைத்தது? 1909-இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் மோனசைட் மணல் இருப்பதை ஒரு ஜெர்மானிய வேதியியலர் கண்டறிந்தார். மணவாளக்குறிச்சி மணல் கப்பலேறி, ஐரோப்பாவில் மேண்டில் ஆனது.

மணவாளக்குறிச்சி எங்கள் ஊருக்கு எட்டு மைல். காலடியில் கிடந்தது என்ன என்று பெரியப்பாவுக்குக் கடைசிவரை தெரியாது. எனக்கும் ஓய்வு பெற்ற பிறகுதான் தெரிந்தது.